மைக்கா, சட்டமா, சரிபாதி இடமா? இளைஞர் கொள்கையில் மூன்று வழிகள்

பல நாடுகள் சேர்ந்து இளைஞர் கொள்கை வகுக்கும்போது, அந்த இளைஞர்களுக்கு அதில் என்ன வேலை? ஐ.நா., ஆப்பிரிக்க ஒன்றியம், ஐரோப்பிய கவுன்சில் மூன்றும் இதற்கு வேறு வேறு வழி பிடித்திருக்கின்றன. எனக்கு முக்கியமான அளவுகோல் ஒன்றுதான்: பணத்தைப் பற்றிய முடிவில் இளைஞருக்கு ஓட்டு உண்டா?

ஐ.நா.: பேசலாம்

1985-ஐ சர்வதேச இளைஞர் ஆண்டாக அறிவித்த ஐ.நா., 1995-இல் இளைஞர்களுக்கான உலகச் செயல்திட்டத்தை ஏற்றது. பொதுச்சபைக்கு வரும் அரசுக் குழுக்களில் இளைஞர் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி அரசுகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அனுப்புவதா வேண்டாமா, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அந்தந்த அரசின் இஷ்டம். போனவர் பெரும்பாலும், சமூக, மனித உரிமை விஷயங்களைப் பேசும் பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் ஓர் உரை நிகழ்த்துவார். ஓட்டு அந்த நாட்டுத் தூதரிடமே இருக்கும்.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015-இல் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானம், அமைதிப் பேச்சுகளில் இளைஞர்களுக்கும் பங்கு வேண்டும் என்றது. 2017-இல் இலங்கையின் ஜயத்மா விக்ரமநாயக்க பொதுச்செயலாளரின் இளைஞர் தூதரானார். 2022-இல் தனி இளைஞர் அலுவலகம் அமைக்கப் பொதுச்சபை முடிவெடுத்தது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான மேடை வேண்டுமென்றால் வேறு இடம் இல்லை.

ஆப்பிரிக்க ஒன்றியம்: சட்டம் உண்டு

2006-இல் காம்பியாவின் பன்ஜூலில் ஏற்கப்பட்டு, 2009-இல் நடைமுறைக்கு வந்தது ஆப்பிரிக்க இளைஞர் பட்டயம். ஒப்புதல் தந்த நாடுகளை இது சட்டப்படி கட்டுப்படுத்தும். 11-ஆவது பிரிவு நாடாளுமன்றத்திலும் முடிவெடுக்கும் பிற அமைப்புகளிலும் இளைஞர் பங்கேற்பை உறுதி செய்யச் சொல்கிறது. 12-ஆவது பிரிவு தேசிய இளைஞர் கொள்கை வேண்டும் என்கிறது. ஐ.நா. ஆவணங்களில் இல்லாத பலம் இது. "நீங்கள் கையெழுத்துப் போட்டது" என்று அமைச்சரிடம் எடுத்துக் காட்டலாம்.

ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, நாட்டில் நடப்பது வேறு. கென்யாவைப் பாருங்கள். பட்டயத்தில் சேர்ந்த நாடு. 2010 அரசியலமைப்புப்படி செனட்டில் இளைஞர்களுக்கென இரண்டு இடங்களும் உண்டு, ஒருவர் ஆண், ஒருவர் பெண். அப்படியும் 2024 ஜூனில், வரிகளை உயர்த்தும் நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே கூட்டம் புகுந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். இரண்டு இடங்களால் தடுக்க முடியாததைத் தெரு தடுத்தது. பட்டயம் தவறு என்று நான் சொல்லவில்லை. வரவு செலவுக் கணக்கு எழுதப்படும் அறைக்குள் அது போகவில்லை.

(வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. புள்ளிவிவரத்தில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வரை, ஆப்பிரிக்கப் பட்டயத்தில் 15 முதல் 35 வரை. முப்பது வயதுக்காரர் நைரோபியில் இளைஞர், நியூயார்க் கணக்கில் இல்லை.)

ஐரோப்பிய கவுன்சில்: சேர்ந்து முடிவெடுக்கலாம்

இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும், மனித உரிமை நீதிமன்றத்துக்குப் பேர்போன, 46 நாடுகளின் அமைப்பு. 1968 மாணவர் கிளர்ச்சிகளின் சூடு ஆறுவதற்குள், 1972-இல் இளைஞர் மையம் ஒன்றையும் இளைஞர் நிதியம் ஒன்றையும் தொடங்கினார்கள். அவற்றைச் சுற்றி வளர்ந்ததுதான் கூட்டு மேலாண்மை.

ஒரு பக்கம் அரசு அதிகாரிகளின் குழு, மறுபக்கம் இளைஞர் அமைப்புகளின் முப்பது பிரதிநிதிகள் கொண்ட ஆலோசனைக் குழு. இரண்டும் ஒன்றாகக் கூடித்தான் இளைஞர் துறையின் முன்னுரிமைகளை வகுக்கின்றன. எந்த இளைஞர் அமைப்புக்கு நிதி, எந்தப் பயிற்சிக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் குழுவில் அரசுத் தரப்பில் எட்டுப் பேர், இளைஞர் தரப்பில் எட்டுப் பேர். அதிகாரி ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு விண்ணப்பம் குப்பைக்குப் போகாது. மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தத் தொகையை அரசுகளே நிர்ணயிக்கின்றன, அதுவும் பெரிய தொகை அல்ல. உறுப்பு நாடுகளுக்கு இங்கிருந்து போவது பரிந்துரைதான், ஆப்பிரிக்கப் பட்டயம்போலக் கட்டுப்படுத்தாது. அதைவிடப் பெரிய குறை: முப்பது பேரும் அமைப்புகள் வழியாக வருகிறவர்கள். எந்தச் சங்கத்திலும் சேராத, பகுதிநேர வேலையில் அல்லாடும் இளைஞனுக்கு அங்கே ஆள் இல்லை.

ஆசியாவில் தொடங்குவதாக இருந்தால்

நானாக இருந்தால் பட்டயத்தில் ஆரம்பிக்க மாட்டேன். அதன் வாசகத்தைப் பேரம் பேசி முடிப்பதற்குள் இன்றைய இளைஞர்கள் நடுத்தர வயதைத் தொட்டுவிடுவார்கள். முதலில் சின்னதாக ஒரு பொது நிதி, எட்டுக்கு எட்டு என்று ஒரு குழு. இளைஞர் தரப்பின் எட்டில் மூன்றையாவது எந்த அமைப்பிலும் இல்லாதவர்களுக்கு ஒதுக்கி, குலுக்கல் முறையில் நிரப்பலாம். சட்டம் அப்புறம் வரட்டும். ஐ.நா.வுக்கு ஆள் அனுப்புவதையும் நிறுத்த வேண்டியதில்லை, அந்த எட்டுப் பேரிலிருந்தே அனுப்பலாம்.