மது உரிமம்: தலை எண்ணிக் கொடுப்பதா, நிபந்தனை போட்டுக் கொடுப்பதா?

உணவகம் திறக்கலாம் என்று கிளம்பியபோது எனக்கு இரண்டு வழி இருந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகனோடு கூட்டுச் சேரலாம், இல்லையென்றால் இங்கிலாந்திலேயே சொந்தமாக ஒன்று திறக்கலாம். வாடகையும் ஆள் பிடிப்பதும் இரண்டு பக்கமும் ஒரே தலைவலி. முடிவைத் திருப்பியது மது உரிமம்.

நியூ ஜெர்சியில் 1947-லிருந்தே ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துத்தான் உரிமம், இப்போது 3,000 பேருக்கு ஒன்று. ஊரின் பங்கு தீர்ந்துவிட்டால் யாராவது விற்கும்வரை காத்திருக்க வேண்டும். பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போனவையும் உண்டு.

இங்கிலாந்தில் 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தலை எண்ணுவதில்லை. குற்றம், பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துத் தொல்லை, குழந்தைகள் நலன் என்ற நான்கை மட்டும் பார்க்கிறது. வெளிர்நீலத் தாளில் அறிவிப்பை 28 நாள் வாசலில் ஒட்டி வைக்க வேண்டும், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் உரிமம் வந்துவிடும். எங்களுக்கு ஓர் ஆட்சேபம் வந்தது. ராத்திரி காலி பாட்டில்களைத் தொட்டியில் கொட்டுகிற சத்தத்தில் தூக்கம் போகும் என்றார் மாடி வீட்டுக்காரர். நியாயம்தானே? காலை எட்டு மணிக்கு மேல்தான் கொட்டுவோம் என்று நிபந்தனையாகவே எழுதிக் கொடுத்தோம், விலக்கிக்கொண்டார்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயம் உரிமம் கைமாறுகிற விலைதான். "அண்ணே, இது செலவே இல்லை, நிலம் வாங்கிப் போடுற மாதிரி, விக்கும்போது வந்துடும்" என்றான் சித்தி மகன். வரும், சட்டம் மாறாமல் இருக்கிறவரை. புதிதாக ஓர் உரிமம் கொடுத்தாலும் பழையதன் விலை இறங்கும் என்பதால், கடன் வாங்கி உரிமம் வாங்கியவர் சீர்திருத்தத்துக்கு எதிரியாகிவிடுகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2023-இல் அங்கே ஆளுநர் இந்த உச்சவரம்பையே படிப்படியாக எடுக்கப் பார்த்தார். 2024 ஜனவரியில் வந்த சட்டம் முக்கியமாகப் பயன்படாமல் முடங்கிக் கிடக்கும் உரிமங்களைத் தொட்டது, வரம்பு அப்படியே நிற்கிறது. இங்கே நான் நாளைக்குக் கடையை விற்றால் உரிமத்தைப் பெயர் மாற்றக் கட்டணம் 23 பவுண்டு. அதில் எனக்கு லாபமும் இல்லை, பயமும் இல்லை.

வரம்பு உள்ள ஊர்களுக்கு பாஸ்டன் வழி தேவலை. 2024-இல் கிடைத்த 225 புது உரிமங்களில் பெரும்பாலானவற்றை விற்க முடியாது, கடை மூடினால் நகரத்துக்கே திரும்பிவிடும்.

நான் சொல்வதெல்லாம் பதினொரு மணிக்கு மூடும் உணவகத்தை வைத்துத்தான். விடிய விடிய நடக்கும் பார் நடத்துகிறவர் கணக்கு வேறாக இருக்கலாம். ஏற்கெனவே கடைகள் நெருக்கியடிக்கும் பகுதி என்று உள்ளாட்சி அறிவித்துவிட்டால் இங்கேயும் புது உரிமம் வாங்குவது பெரும்பாடு.

சித்தி மகன் கடைசியில் உரிமம் இல்லாமலே திறந்துவிட்டான். வருகிறவர்கள் ஒயினோ பீரோ தாங்களே கொண்டு வருகிறார்கள், இவன் கிளாஸும் ஐஸும் கொடுக்கிறான். அதற்குக் காசு வாங்கக்கூட அங்கே சட்டத்தில் இடமில்லை.