தடுப்புச் சுவரை நீக்கிய பிறகு: 3டி ஸ்கேனா, இன்னொரு ஹிஸ்டரோஸ்கோபியா?

பிறவியிலேயே கர்ப்பப்பைக்குள் இருந்த தடுப்புச் சுவரை ஹிஸ்டரோஸ்கோபி (கர்ப்பப்பை வாய் வழியாக மெல்லிய கேமராக் கருவியை உள்ளே செலுத்தும் முறை) வழியாக நீக்கிக்கொண்டவர்களுக்கு, ஓரிரு மாதங்களில் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: உள்ளே ஆறிவிட்டதா, சுவரில் மிச்சம் இருக்கிறதா என்பதை எதைக் கொண்டு பார்ப்பது? பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் 3டி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், இரண்டாவது ஹிஸ்டரோஸ்கோபி ஆகிய இரண்டில் நான் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கும்.

செலவிலும் சிரமத்திலும் ஸ்கேன் எளிது என்பதை விளக்க வேண்டியதில்லை. சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரே, கருக்குழாய் அடைப்பைப் பார்க்க உதவுமே தவிர, கர்ப்பப்பையின் வெளிவிளிம்பைக் காட்டாது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 3டி ஸ்கேனோ வெளிவிளிம்பையும் உட்குழியையும் ஒரே படத்தில், முன்பக்கமிருந்து பார்ப்பதுபோல் காட்டிவிடுகிறது. இரு கருக்குழாய் வாய்களையும் இணைத்து ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே சுவரின் மிச்சம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். அது 1 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் மறுபடி வெட்டுவதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்கேன் எடுக்கும் நாள். நான் முதலில் சென்றது மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 8-ஆம் நாள். கர்ப்பப்பையின் உள்படலம் மெல்லிய இழையாக இருந்ததால், குழியின் ஓரம் எங்கே முடிகிறது, தசை எங்கே தொடங்குகிறது என்று திரையில் பிரித்தறிய முடியவில்லை. "21-ஆம் நாள் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். கொடுத்த கட்டணம் போனதுதான். 21-ஆம் நாள் படலம் தடித்து வெளுத்திருக்க, தலைகீழ் முக்கோணம் போலக் குழி துலங்கியது. சுழற்சி நீண்டவர்களுக்கு 21 என்ற எண் பொருந்தாது. கருமுட்டை வெளியான பிறகு என்பதே கணக்கு. ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் எந்த நாள் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஹிஸ்டரோஸ்கோபிக்கு இது நேர்மாறு: படலம் மெலிந்திருக்கும், மாதவிலக்கு முடிந்த உடனடி நாட்களே அதற்கு உகந்தவை.

ஹிஸ்டரோஸ்கோபியின் பலம், கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஒட்டுத்தழும்பைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மெல்லிய ஒட்டுகள் ஸ்கேனில் தப்பிவிடலாம். கருவியால் நேரில் பார்க்கும்போது அவற்றை அங்கேயே விலக்கியும் விடலாம். அறுவைக்குப் பின் மாதவிலக்குப் போக்கு குறைந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்கு அப்படி நேரவில்லை. சுவரும் பாதி வரைதான் இறங்கியிருந்தது. கர்ப்பப்பை வாய் வரை நீண்ட சுவர் இருந்தவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அறுவைக்கு முந்தைய 3டி படத்தைக் கையோடு எடுத்துச் சென்றது நல்லதாயிற்று. ஸ்கேன் மருத்துவர் அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, அதே இரு புள்ளிகளுக்கு இடையே கோடு போட்டார்: அன்று 22 மி.மீ., இன்று 6.