ஏழு நாள் கிரீஸ் சுற்றுலா: சேலத்துப் பயண நிறுவனம் ஒன்றின் சேவை குறித்து

சேலம் ஐந்து ரோடு அருகே இயங்கும் ஒரு பயண நிறுவனம் ஏற்பாடு செய்த கிரீஸ் குழுச் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் கடந்த அக்டோபரில் சென்று வந்தோம். விசா, விமானம், தங்குமிடம், காலை உணவு, இரவு உணவு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,35,000 ரூபாய் வாங்கினார்கள். மேக்னசைட் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப் பருவத்து வரலாற்றுப் பாடத்தில் பார்த்த, ஏதென்ஸ் நகரின் பார்த்தனன் கோயிலின் மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தை மறக்காமல் வைத்திருந்து, அந்தக் கல்லை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டினேன். ஆகவே, இடிபாடுகளுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், அவற்றை எப்படிக் காட்டினார்கள் என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

அலுவலக வேலைகளில் குறை சொல்ல ஏதுமில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வேண்டிய 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், கைரேகை பதிவதற்காகச் சென்னைக்குப் போய்வரும் நாள் என அனைத்தையும் அவர்களே முன்கூட்டித் திட்டமிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பாகக் கையில் கொடுத்தார்கள். பெங்களூரு விமான நிலையம் வரை சொகுசுப் பேருந்தும், அங்கிருந்து தோகா வழியாக ஏதென்ஸுக்கு விமானமும் ஏற்பாடு செய்திருந்தார்கள். தக்காளிக்குள் அரிசி வைத்து வேகவைக்கும் ‘யெமிஸ்தா’வும் கெட்டித் தயிரும் தினமும் கிடைத்ததால் எங்களைப் போன்ற சைவர்களுக்கு உணவிலும் சிரமம் இருக்கவில்லை.

பார்த்தனன் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில்தான் என் மனக்குறை தொடங்கியது. அங்கே நுழைவதற்கு இப்போது நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும். ஒருவருக்கு 30 யூரோ. எங்களுக்குக் காலை 10 மணிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் 11.30 மணிக்குக் கீழே பேருந்தருகில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வரிசையில் நின்று, ஏறி, திரும்ப இறங்கும் நேரத்தைக் கழித்தால் பார்த்தனன் முன்னால் நிற்க எங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்தான்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பார்க்க முடியும்? ஏதென்ஸின் தலைவராக இருந்த பெரிகிளீஸ் காலத்தில், கி.மு. 447இல் தொடங்கி 432இல் சிற்ப வேலைகளோடு முடிந்த கோயில் அது. இக்டினோஸ், கல்லிக்ரடீஸ் என்ற இருவர் கட்டட அமைப்பையும், பீடியாஸ் சிற்ப வேலைகளையும் பார்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள பெண்டெலிக்கான் மலையிலிருந்து பளிங்கை வெட்டி இறக்கி, சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி, இரும்புக் கவ்விகளால் பிணைத்து, அந்த இரும்பில் துரு ஏறாதிருக்கச் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் ஈயம் பூசாத இரும்பைச் செருக, அது துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கையே பிளந்துவிட்டது. 1975இல் அமைந்த சீரமைப்புக் குழு அந்த இரும்பையெல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு டைட்டானியக் கம்பிகளைப் பொருத்தி வருகிறது. பழைய கல் தேன் நிறத்திலும் புதிதாக ஒட்டுப்போட்ட கல் வெள்ளையாகவும் இருப்பதால், எது அன்றையது, எது இன்றையது என்பதைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். கல்லில் வேலை செய்த எவனும் இந்த ஒட்டுகளைப் பார்த்துக்கொண்டே அரை நாள் நின்றுவிடுவான். எங்கள் குழு மேலாளரோ படமெடுக்க நல்ல இடம் எது என்பதை மட்டும் காட்டினார்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். பார்வைக் கோணத்தைக் கணக்கிட்டுத் தூணை நிறுத்திய வேலை அது. பார்த்தனனும் கண்ணின் குறையை அறிந்து கட்டியதுதான். அதன் மேடை தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மேடிட்டிருக்கிறது. நீளப் பக்கத்தில் அந்த மேடு சுமார் 11 செ.மீ. தூண்கள் நடுவில் இலேசாகப் பருத்து, உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன; மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றுத் தடித்தவை. படிக்கட்டின் ஒரு முனையில் குனிந்து மறுமுனையைப் பார்த்தால் அந்த வளைவு தெளிவாகத் தெரிகிறது. குழுவில் வந்த ஆத்தூர்க்காரர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, அவரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர மனமில்லாமல் இருந்தார். அதற்குள் மேலாளரின் விசில் சத்தம் வந்துவிட்டது.

அடிவாரத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கு 40 நிமிடம் கொடுத்தார்கள். அக்ரோபோலிஸின் இன்னொரு கோயிலான எரெக்தியோனின் மண்டபத்தைத் தலையில் தாங்கிய ஆறு பெண் சிலைகளில் ஐந்து அங்கே இருக்கின்றன; ஆறாவது இலண்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் தூதரான எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போன சிற்பங்களின் இடத்தில் சுதை அச்சுகளை வைத்திருக்கிறார்கள். வெளுத்த அச்சும் பழுப்பேறிய மூலமும் மாறி மாறி வரும் அந்தச் சுவரே ஒரு வழக்கு மனுவைப் போல இருக்கிறது.

பழைய ஏதென்ஸின் சந்தைவெளியான அகோராவில் உரிமம் பெற்ற கிரேக்கப் பெண் வழிகாட்டி ஒருவர் வந்தார். இந்தப் பயணத்திலேயே சிறந்த இரண்டு மணி நேரம் அதுதான். பெயர் செதுக்கிய பானை ஓட்டுச் சில்லுகளால் ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்திய முறையையும், வரிசை வரிசையாகப் பிளவுகள் கொண்ட கற்பலகையில் பெயர்த் தகடுகளைச் செருகிக் குலுக்கல் முறையில் நடுவர்களைத் தேர்ந்தெடுத்ததையும் அவர் விளக்கியபோது, குழுவில் பலர் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லி அவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த உரிமையில் பங்கில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அன்று மாலையே, அக்ரோபோலிஸுக்கு எதிர்க்குன்றில் உள்ள ஒரு குகையைக் காட்டி, சாக்ரடீஸை அடைத்து வைத்த சிறை இதுதான் என்று எங்கள் மேலாளர் உறுதியாகச் சொன்னார். அது வழக்கில் உள்ள பெயர் மட்டுமே, அதற்குச் சான்றில்லை. வழிகாட்டிக்கான கட்டணத்தை ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

அப்போலோ தெய்வத்திடம் குறி கேட்கும் தலமாக இருந்த டெல்பிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியது நியாயமான ஏற்பாடு. பர்னாசஸ் மலையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறியபோது, வடநாட்டுக் குழுவொன்று வாந்திப் பையைத் தேடிக்கொண்டிருக்க, ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய எங்களவர்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். அப்போலோ கோயிலில் இன்று நிற்பவை சில தூண்கள்தாம். ஆனால் அதற்கு மேலுள்ள அரங்கின் படிகளில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தால், குறி கேட்க நாடு முழுவதும் ஏன் இந்த மலையைத் தேடி வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1892இல் அகழத் தொடங்குவதற்காக, இடிபாடுகளின் மேலேயே இருந்த ஓர் ஊரை முழுவதும் வேறிடத்துக்கு மாற்றினார்கள் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

பழைய அரங்கு உள்ள எபிடாரஸ், பழங்கோட்டையான மைசீனி இரண்டையும் ஒரே நாளில் அடைத்திருந்தார்கள். எபிடாரஸ் அரங்கின் நடுவில் யாரோ ஒரு காகிதத்தைக் கிழித்த ஒலி, 55 வரிசைகளில் கடைசிக்கு ஏறியிருந்த எங்களுக்குக் கேட்டது. மைசீனியில் சிங்க வாயிலோடு திரும்பிவிட்டோம். அருகிலேயே இருக்கும் அட்ரியஸ் கருவூலம் என்ற பழங்காலக் கல்லறையின் உத்தரக்கல் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ளது என்று படித்துவிட்டுப் போன நான், அதைப் பேருந்துச் சன்னல் வழியாகக் கூடப் பார்க்கவில்லை.

கடைசி இரண்டு நாள் சாண்டோரினித் தீவு. நீலக் குவிமாடமும் சூரிய மறைவும் உண்டு. எரிமலைச் சாம்பலில் புதைந்து, மாடி வீடுகளோடு தோண்டியெடுக்கப்பட்ட அக்ரோதிரி நகரம் அதே தீவில் இருந்தும் பயணத் திட்டத்தில் அது இல்லை. தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு இது குறையாகப் படாது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: அக்ரோபோலிஸின் பாறை கோடிக்கணக்கான கால்கள் பட்டு வழுவழுப்பாகியிருக்கிறது, தோல் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அதில் இரண்டு விசா வேலைக்கு, ஒன்று அந்தக் கிரேக்க வழிகாட்டிக்கு.

திரும்பி வந்ததும், விளம்பரத் தாளின் அட்டையில் ஒலிம்பியாவின் ஸீயஸ் கோயில் தூண்துண்டுகளைப் போட்டுவிட்டு அங்கே அழைத்துச் செல்லாதது ஏன் என்று கடிதம் எழுதிக் கேட்டேன். ஏதென்ஸிலிருந்து 300 கி.மீ. போல இருப்பதால் ஒலிம்பியாவை அடுத்த பயணத்திலும் சேர்க்க இயலாது என்றும், அட்டைப் படத்தை மாற்றிவிடுவதாகவும் பணிவாகப் பதில் அனுப்பியிருக்கிறார்கள்.