சென்ஹைசர் எச்டி 650: பாட்டைக் கேட்பதா, ஊர்ப் பேச்சைக் கேட்பதா?

2003ல் வந்த ஹெட்போன், இன்னமும் பேசுகிறார்கள். பின்பக்கம் திறந்த வகை என்பதால் வீட்டில் தனியாகக் கேட்கத்தான் லாயக்கு, பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கும். இதன் மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம், அதிகம்தான், அதனால் போனில் நேராகச் செருகினால் சத்தம் சோகையாகத்தான் வரும், ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தால் நல்லது.

எனக்குப் பிடித்தது குரல். அடுத்த வரிக்கு முன் பாடகி மூச்சை இழுப்பது, பின்னால் தம்புரா அறுபடாமல் ஓடுவது, எல்லாம் காதை உறுத்தாமல் கேட்கிறது. அடிமட்ட பேஸ் குறைவு, அதிர அதிரக் கேட்பவர்கள் வேறு பார்க்கலாம்.

சரி, இவ்வளவு நல்ல பொருளை நிம்மதியாகக் கேட்க விட்டால்தானே! நண்பர் ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டு, "மேல ஒரு போர்வை போர்த்தின மாதிரி இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் நான் அந்தப் போர்வையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். 1994ல் ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் சில ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணுக்குத் தெரிய வைத்தும் கேட்கச் செய்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் அதே ஆட்களின் மதிப்பெண் மாறிவிட்டது. பார்த்ததற்கே இந்தக் கதி என்றால், காதில் ஓதிவிட்டுப் போனால் கேட்கவா வேண்டும்?

வாங்கினால் முதலில் நீங்களே ஆசைதீரக் கேளுங்கள், விமர்சனங்களை (இதையும் சேர்த்துத்தான்) அப்புறம் படிக்கலாம். விலையுயர்ந்த கேபிள் போட்டால் போர்வை விலகும் என்பவர்களிடம் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். காது மெத்தை நசுங்கினால் மட்டும் மாற்றிவிடுங்கள், அது ஒலியை உண்மையிலேயே மாற்றும்.