ரப்பர் புழுவோடு நாலு வருஷம்

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்க, தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழு வாங்கினேன். முதல் பாக்கெட்டைப் பிரித்த அன்று, எமரால்டு ஊர்ச் சித்தப்பா ஒரு புழுவை வாங்கி மோந்து பார்த்தார். "இதத் தின்ன டிரவுட்டுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" அன்று அவர் மண்புழுவில் மூன்று மீன் எடுத்தார். எனக்குப் பாசிதான் மாட்டியது.

தப்பு புழுவில் இல்லை. கெண்டைக்கு வைத்திருந்த 7 அடி தூண்டில் ராடையும் தடித்த நரம்பையும் (தூண்டில் நூல்) அப்படியே கொண்டுபோயிருந்தேன். புழுவை மாட்டும் ஈயத்தலை முள் (தலையில் ஈயக் குண்டு உள்ள தூண்டில் முள்) ஒரு கிராம்கூட இல்லை, அதை அந்த ராடு வீசவே வீசாது. விழுந்தாலும் தடித்த நரம்பை ஓட்டம் இழுக்க, புழு அதன் பின்னால் ஓடும். ஐந்தரை அடி அல்ட்ராலைட் (மிக லேசான) ராடு, 1000 சைஸ் சின்ன ரீல், 4 பவுண்டு நரம்பு (1.8 கிலோ தாங்கும்) என்று மாறிய பிறகுதான் புழு தண்ணீர் போகிற வேகத்திலேயே போக ஆரம்பித்தது.

ஓடையில் டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து நின்றபடி, வருவதைக் கொத்தும். அதனால் மேல்பக்கம் வீசி, நரம்பில் தொய்வு விழாமல் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஆட்டவே வேண்டாம். உண்மைப் புழு என்றால் மீன் விழுங்கிவிடும். ரப்பரைக் கவ்வியதும் துப்பிவிடும், நரம்பு லேசாக நின்ற கணமே இழுத்தாக வேண்டும். இதில் பாதி மீனை இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முள் உதட்டோடு நிற்பதால் சின்னதைத் திருப்பி விடுவது சுலபம். முள்ளின் எதிர்க்கொக்கியை (மீன் கழலாமல் பிடிக்கும் பின்கூர்) குறடால் நசுக்கிவிடுகிறேன்.

நிறத்தில் பழுப்பும் வெளிர் சிவப்பும் போதும். பளபளக்கும் பச்சை இதுவரை எனக்கு ஒரு மீன்கூடக் கொடுத்ததில்லை. 1907இல் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுப் பண்ணை தொடங்கிய காலத்திலிருந்து இந்த மீன் நம் ஓடைப் பூச்சியைத் தின்று வளர்கிறது. பளபளக்கும் பச்சைப் புழுவை எங்கே பார்த்திருக்கும்?

வைத்துக்கொள்வதுதான் தலைவலி. வாசனை ஊறிய வகை, மூடி சரியாக இல்லையென்றால் காய்ந்து முறுக்குபோல் ஆகிவிடும். இரண்டு வகைப் பிளாஸ்டிக்கை ஒரே டப்பாவில் போட்டேன். ஒரு கோடை முடிவதற்குள் உருகிக் கூழாகி, டப்பாவையும் அரித்துவிட்டது. இப்போது வந்த பாக்கெட்டிலேயே வைக்கிறேன். அறுந்த துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். மலையில் பிளாஸ்டிக் பைக்கே தடை, இது ஓடையில் கிடந்தால் மக்காது.

மீன்வளத்துறை உரிமம் இல்லாமல் போகாதீர்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். எந்த இரைக்கு அனுமதி என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ராடு நுனியில் மூன்று அங்குலம் போன மழைக்காலத்தில் கார் கதவுக்குப் பலி. மிச்சத்தில் ஒரு வளையம் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வீச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சித்தப்பா இன்னும் மண்புழுதான். தோட்டம் காய்ந்து புழு கிடைக்காத மார்ச்சில் மட்டும், பழுப்பு இருக்கிறதா என்று போன் வரும்.