களைகொல்லி மருந்துக் கேனுக்குப் பெயின்ட் அடித்துப் பூச்சாடி என்று விற்கிறார்கள், மலையகத்தில் இருப்பவர்கள் கவனம்

பழைய பொருட்களில் செய்த பூச்சாடிகளை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கமெல்லாம் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி பேஸ்புக்கில் ஒரு பக்கம் ஓடுகிறது. பால்மா டின், அலுமினியக் கேத்தல், தேயிலைப் பெட்டி, பிளாஸ்டிக் கேன் என்று கிடைத்ததற்கெல்லாம் பெயின்ட் அடித்து, பூ வரைந்து, உள்ளே மணிபிளான்டோ பிகோனியாவோ வைத்துப் படம் போடுகிறார்கள். அக்கா புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும்போது கொடுக்க ஒரு தேயிலைப் பெட்டியும், அவர் குசினி யன்னலில் வைக்கப் புதினா நட்ட சாடிகளும் கேட்டு, முழுக் காசையும் முதலிலேயே பேங்கில் போட்டேன்.

வந்த புதினாச் சாடிகள் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன்கள். பைப்படியில் வைத்து வெளியே ஒட்டியிருந்த மண்ணைக் கழுவும்போதே பெயின்ட் தோல் தோலாக உரிந்துவிட்டது. அடியில் லேபல் கிழித்த பசை. கிழியாமல் மிஞ்சிய துண்டில் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. "சிறுவர்களுக்கு எட்டாத" என்ற அளவு தெளிவாக வாசிக்க முடிந்தது. தோட்டத்தில் பல காலம் மருந்தடித்த மாமாவுக்குக் காட்டினேன். கையில் வாங்காமலே, "இது புல்லு மருந்துக் கேன், இதுல வந்த புதினாவ வாயில வச்சிறாதீங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது அந்தப் புதினாவை நினைத்துத்தான். அலங்காரச் செடியென்றாலும் அந்தக் கேனில் விற்பது பிழை. இது சம்பலுக்கும் பிளேன்டீக்கும் கிள்ளிப் போடுகிற செடி. அக்கா வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த யன்னல் அவர்கள் கைக்கு எட்டும்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "நல்லா கழுவித்தான் பெயின்ட் அடிச்சோம்கா, உள்ளுக்கு ஒன்னும் இல்ல" என்று பதில் வந்தது. காசைத் திருப்பிக் கேட்டதும் பிளொக் பண்ணிவிட்டார்.

கழுவினால் சரியாகிவிடும் என்பது உண்மையில்லை. மருந்து முடிந்த கேனை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, பிறகு கேனை ஓட்டை போட்டுவிட வேண்டும் என்பதுதான் முறை. ஓட்டை போடச் சொல்வதே யாரும் அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பதற்காக. பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறிய மருந்து அலசினாலும் முழுதாகப் போகாது. லேபலைக் கிழித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தடை வருவதற்கு முன் பரகுவாட் என்ற கடும் நச்சுப் புல்லு மருந்தை இலங்கையில் தாராளமாகப் பாவித்தார்கள். பழைய கேன் எந்த ஸ்டோரிலிருந்து வந்ததென்று யாருக்குத் தெரியும்?

தேயிலைப் பெட்டியும் பொய். பழைய பெட்டியென்றால் பிளைவுட் பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள் போல மினுங்கும் தாள் இருக்கும். எனக்கு வந்தது சரக்கு ஏற்றும் தட்டுப் பலகையில் அடித்த புதுப்பெட்டி, மேலே ஒரு தோட்டத்தின் பெயரை அச்சுக் குத்தியிருக்கிறார்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம். எங்கள் பக்கக் குளிரிலும் பனிமூட்டத்திலும் மண் காய நாளாகும். துளையில்லாத சாடியில் வேர் அழுகிவிடும். "கல்லைப் போட்டு மண்ணை நிரப்புங்க, துளை வேணாம்" என்று அவர்கள் எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். அந்தக் கல்லுக்குள் தண்ணீர் தேங்கித்தான் நிற்கும். கண்டி, மாத்தளை போலச் சூடான பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சாடித் தட்டில் நிற்கும் தண்ணீர் இன்னொரு தொல்லை. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

பழைய பொருளில் செடி வைப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பால்மா டின், பிஸ்கட் டின், மாஜரின் டப்பா, ஓட்டையான சட்டி, சிரட்டை எல்லாம் நல்லவைதான். சாப்பாட்டுச் சாமான் வந்த ஏனமா என்று மட்டும் பாருங்கள். வாங்கும் சாடியில் கைப்பிடி கேனோடு சேர்ந்தே வார்த்திருந்தாலோ, கழுத்தில் திருகு மூடியின் அடையாளம் தெரிந்தாலோ, பெயின்டுக்குக் கீழே லேபல் ஒட்டிய சதுரம் புடைத்துத் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். வாகன பெட்டரிப் பெட்டியையும் வெட்டிச் சாடியாக்கி விற்கிறார்கள். அதில் ஈயம் இருக்கும், வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் வளர்ந்த எதையும் சாப்பிட வேண்டாம். கேனை எரிக்காதீர்கள், புகை ஆபத்து. ஓடையில் வீசினால் கீழே லயத்தில் இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீருக்குப் போய்ச் சேரும். கையுறை போட்டு எடுத்துக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விற்றவர் மேல் முறைப்பாடு செய்ய நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கிறது. பேராதனையில் இருக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுதலாம். நான் இரண்டு இடத்துக்கும் படங்களோடு எழுதியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு, அதே படங்களைப் போட்டு பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஓடர் எடுக்கிறது. நீலத்தில் வெள்ளைப் பூ வரைந்த சாடிகள். காசு போடுவதற்கு முன் சாடியின் அடிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் தோழி கேட்டுப் பார்த்தாள், அனுப்பவில்லை.