ட்ரைவர் கோடைப் பகிர நான்கு வழிகள்: நகல், மிட்லேயர், லைப்ரரி, ஹால்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் கோடில் பாதிக்கும் மேல் ட்ரைவர்கள், அதாவது ஹார்ட்வேரை இயக்கும் நிரல்கள். அத்தனையும் வெவ்வேறு ஹார்ட்வேருக்காக எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். ராக்சிப், ஆல்வின்னர், ஆம்லாஜிக் ஆகிய மூன்று சிப் நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். இவர்களின் பல சிப்களுக்குள் இருக்கும் ஈதர்நெட் பகுதி, சினாப்சிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்திடம் உரிமம் வாங்கிப் பதித்த ஒரே குடும்பத்து வடிவமைப்பு. க்ளாக் எங்கிருந்து வருகிறது, ரீசெட் லைன் எது, பவர் யார் கட்டுப்பாட்டில் என்பதெல்லாம்தான் மாறும். லினக்ஸில் மூன்றையும் ஓட்டுவது எஸ்டிஎம்மேக் என்ற ஒரே ட்ரைவர். சிப்புக்குச் சிப் மாறும் விஷயங்கள் மட்டும் தனித்தனிக் கோப்புகளில் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பொதுவான பகுதியைப் பகிர வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்த வடிவில் பகிர்வது என்பதில்தான் சண்டை: கோடை அப்படியே நகலெடுப்பதா, பொதுக் கோட் ட்ரைவரைக் கூப்பிடும் மிட்லேயரா, ட்ரைவர் பொதுக் கோடைக் கூப்பிடும் லைப்ரரியா, இயங்குதளத்தைச் சாராத ஹாலா (ஹார்ட்வேர் அப்ஸ்ட்ராக்ஷன் லேயர்). என் ஓட்டு பெரும்பாலும் லைப்ரரிக்கு. ஆனால் மற்ற மூன்று வழிகளும் ஜெயிக்கிற இடங்கள் உண்டு, அவை லேசில் ஒதுக்கிவிடக்கூடியவையும் இல்லை.

நகல்

கோட் ரிவ்யூவில் நகல் என்றாலே முகம் சுளிப்பார்கள். இன்டெல்லின் இ1000 ஈதர்நெட் ட்ரைவருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பழைய பிசிஐ கார்டுகளையும் புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் சிப்களையும் அது ஒன்றாகச் சுமந்துகொண்டிருந்தது. புதுச் சிப்புக்காகச் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் பழைய கார்டு ஒன்றை உடைத்துவிடலாம். அந்தப் பழைய கார்டுகளையெல்லாம் மேசையில் வைத்துச் சோதித்துப் பார்க்க யாரால் முடியும்? 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சிப்களுக்கென்று இ1000இ என்ற தனி ட்ரைவரைப் பிரித்துவிட்டார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வரிகள் நிறைய இருந்தன. ஆனால் பழைய ட்ரைவரைத் தொடவேண்டிய அவசியம் பெருமளவு குறைந்தது. 2015-இல் 4.2 கர்னலில் வந்த, ஏஎம்டி கிராஃபிக்ஸ் சிப்களுக்கான ஏஎம்டிஜிபியு ட்ரைவரும் பழைய ரேடியான் ட்ரைவரிலிருந்து இப்படிக் கிளைத்ததுதான்.

நகலின் நோய் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பிரதியில் பிழை சரியாகும், மற்றது அப்படியே கிடக்கும். அதனால் இரண்டாவது ட்ரைவர் வரைக்கும் நகல் தப்பில்லை, மூன்றாவது வரும்போது பொதுவானதைப் பிரிக்கலாம் என்பது என் கணக்கு. இரண்டே மாதிரிகளை வைத்துக்கொண்டு எது உண்மையிலேயே பொது, எது தற்செயலாக ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது.

நகலுக்கும் லைப்ரரிக்கும் நடுவே ஒரு விசித்திரப் பிராணியும் இருக்கிறது. என்இ2000 என்ற பழைய நெட்வொர்க் கார்டு காலத்து 8390 ஈதர்நெட் சிப்புக்கான பொதுக் கோட், லிப்8390.சி என்ற கோப்பில் உள்ளது. பழைய மேக், அமிகா போன்ற இயந்திரங்களின் ட்ரைவர்கள், ரெஜிஸ்டர்களை (சிப்பைக் கட்டுப்படுத்தும் உள் முகவரிகளை) எப்படித் தொடுவது என்பதை மேக்ரோக்களாக முதலில் எழுதிக்கொண்டு, அந்த .சி கோப்பையே இன்க்ளூட் செய்துகொள்கின்றன. பார்க்க அசிங்கம்தான். ஆனால் ரெஜிஸ்டர் இடைவெளி போர்டுக்குப் போர்டு மாறும் பிரச்சினையை இது கம்பைல் நேரத்திலேயே தீர்த்துவிடுகிறது. மூலக் கோடும் ஒரே இடத்தில் இருக்கிறது.

மிட்லேயர்

எஸ்டி கார்டு கன்ட்ரோலருக்கு எஸ்டி அசோசியேஷனின் விவரக்குறிப்பு உண்டு. அதன்படி செய்த எல்லாச் சிப்புக்கும் ஒரே ட்ரைவர் போதும் என்ற நம்பிக்கையில் 2006-இல் லினக்ஸுக்குள் வந்தது எஸ்டிஎச்சிஐ ட்ரைவர். எழுதியவர் பியர் ஒஸ்மான். சிப் வகைகள் பெருகப் பெருக அது ஒரு மிட்லேயராக வளர்ந்தது. எப்போது ரீசெட், எப்போது க்ளாக் மாற்றம், எப்போது பஸ் அகலம் என்ற வரிசை முழுக்கப் பொதுக் கோடின் கையில். சிப் ட்ரைவர் சில கால்பேக்குகளை (தேவைப்படும்போது பொதுக் கோட் கூப்பிடும் ஃபங்ஷன்களை) நிரப்பிக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்போது பதில் சொல்ல வேண்டும். கல்யாணச் சமையலை முழுக் கான்ட்ராக்டில் விடுவதைப் போல: மெனு சொல்லலாம், அடுப்படிக்குள் நுழைய முடியாது.

சிப்கள் விவரக்குறிப்பை மதித்திருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. ஒரு கன்ட்ரோலர், க்ளாக் ரெஜிஸ்டரைத் தொட்டால்தான் ரீசெட்டைக் கேட்கும். இன்னொன்று டைம்அவுட் மதிப்பைத் தப்பாகச் சொல்லும். வேறொன்றில் ரைட் ப்ரொடெக்ட் சிக்னல் தலைகீழ். ஒவ்வொரு கோளாறுக்கும் க்விர்க் என்று ஒரு பிட் ஒதுக்கினார்கள். கடைசியில் 32 பிட்டும் தீர்ந்து, க்விர்க்ஸ்2 என்று இன்னொரு மாறியைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பிட் தீர்ந்ததைவிடப் பெரிய தலைவலி, பொதுக் கோடைப் படிப்பது. ஒரு ஃபங்ஷனுக்குள் நான்கைந்து க்விர்க் சோதனைகள் இருந்தால், எந்தச் சிப்பில் எந்தப் பாதை ஓடும் என்பதைப் பதினைந்து கோப்புகளைத் திறந்துதான் கண்டுபிடிக்க முடியும். ஒருவர் தன் சிப்புக்காக இரண்டு வரிகளை இடம் மாற்றினால், அவர் கண்ணாலும் பார்த்திராத போர்டு ஒன்று எங்கோ கார்டை அடையாளம் காணாமல் நிற்கும்.

அதற்காக மிட்லேயரே தப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வன்தட்டுகளை இணைக்கும் ஏஎச்சிஐ சாட்டா, யுஎஸ்பி-க்கான எக்ஸ்எச்சிஐ போன்ற தரங்களில் வன்பொருளின் முக்கிய ஓட்டம் எல்லாச் சிப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விண்டோஸோடு வரும் பொது ட்ரைவரில் ஓடாத சிப்பைப் பிசி சந்தையில் விற்பது கஷ்டம், அந்த ஒழுக்கம் அங்கிருந்து வருகிறது. அங்கேயும் க்விர்க்குகள் உண்டு, எக்ஸ்எச்சிஐ ட்ரைவரின் க்விர்க் மாறி 64 பிட்டாகவே வளர்ந்துவிட்டது. ஆனாலும் அவை ஓரங்களில் நிற்பவை, நடு வரிசையைக் குலைப்பதில்லை.

விண்டோஸின் நிலைமையே வேறு. மினிபோர்ட் முறையில் சேமிப்புக்கான ஸ்டோர்போர்ட், நெட்வொர்க்குக்கான என்டிஐஎஸ் ஆகிய பொது அடுக்குகள் மைக்ரோசாஃப்ட் கையில் இருக்கும். சிப் நிறுவனம் மினிபோர்ட் ட்ரைவரை மட்டும் எழுதி பைனரியாகத் தரும். ட்ரைவரின் கோட் மைக்ரோசாஃப்ட் கையில் இல்லாதபோது, நடுவில் மாறாத ஓர் எல்லைக்கோடு வேண்டியிருக்கிறது. லினக்ஸில் ட்ரைவர்கள் கர்னலின் கோடோடு ஒரே மரத்தில் இருக்கின்றன, உள் இடைமுகம் மாறாது என்ற வாக்குறுதியும் கிடையாது. ஒரு ஃபங்ஷனின் வடிவத்தை மாற்றுகிறவரே அதைக் கூப்பிடும் எல்லா ட்ரைவர்களையும் திருத்தி அனுப்ப வேண்டும். லைப்ரரி முறை லினக்ஸில் வேரூன்றியதற்கு இந்தச் சுதந்திரம் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

லைப்ரரி

எஸ்டிஎச்சிஐ-யின் இரண்டாம் பாகம் 2014-இல் தொடங்கியது. கர்னல் நிரலாளர் ரஸ்ஸல் கிங் அனுப்பிய நீண்ட பேட்ச் (திருத்தம்) தொடர், அந்த மிட்லேயரைப் பிரித்துப் போட ஆரம்பித்தது. முன்பு, ரீசெட்டுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இரண்டு கால்பேக்குகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, ரீசெட் செய்யும் பொறுப்பையே சிப் ட்ரைவரிடம் கொடுத்தார். பொதுவான ரீசெட் ஒரு தனி ஃபங்ஷனாக வெளியே வந்தது. ஒழுங்கான சிப்பின் ட்ரைவர் அந்தப் பொது ஃபங்ஷனின் பெயரை அப்படியே நிரப்பிவிடும். அடம்பிடிக்கும் சிப்பின் ட்ரைவர் தன் ஃபங்ஷனை எழுதி, நடுவில் பொது ரீசெட்டைக் கூப்பிட்டுக்கொள்ளும். பஸ் அகலம், க்ளாக், யுஎச்எஸ் சிக்னல் எல்லாவற்றுக்கும் இதே சிகிச்சை. சிப்பின் கோளாறு அந்தச் சிப்பின் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் இங்கே மாறியது. மிட்லேயரில் பொதுக் கோட் சிப் ட்ரைவரைக் கூப்பிடும், லைப்ரரியில் சிப் ட்ரைவர் பொதுக் கோடைக் கூப்பிடும். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். கிராஃபிக்ஸ் பகுதியான டிஆர்எம்மைப் பார்த்தால் எவ்வளவு பெரியது என்று புரியும். பழைய முறையில் ட்ரைவர், லோட் என்ற கால்பேக்கைத் தரும்; அதை எப்போது கூப்பிடுவது என்பதை டிஆர்எம் மையக் கோட் முடிவு செய்யும். வரிசைச் சிக்கல் அதில்தான். பயனர் நிரல்களுக்குச் சாதனம் தெரிய ஆரம்பித்த பிறகும் ட்ரைவர் தன்னைத் தயார்செய்துகொண்டிருக்கும், அந்த இடைவெளியில் யாராவது திறந்துவிட்டால் வம்பு. இப்போது ட்ரைவரே சாதனத்துக்கான அமைப்பை உருவாக்கி, ஹார்ட்வேரைத் தயார்செய்து, எல்லாம் முடிந்த பின் கடைசியாக ரெஜிஸ்டர் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. புது ட்ரைவர்கள் லோட் கால்பேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆவணமே சொல்கிறது.

லைப்ரரி முறைக்கு நான் முதலில் காட்டுவது, ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் ரெக்மேப்பை. மார்க் பிரவுன் எழுதி 2011-இல் 3.1 கர்னலில் சேர்ந்தது. டபிள்யூஎம்8731 மாதிரி ஒரு ஆடியோ கோடெக் சிப்பை ஐ2சி என்ற இணைப்பு வழியாகவும் இணைக்கலாம், எஸ்பிஐ என்ற இன்னொன்றின் வழியாகவும் இணைக்கலாம். முன்பு இத்தகைய சிப்களின் ட்ரைவர்கள், ரெஜிஸ்டர் படிப்பது, எழுதுவது, எழுதியதை கேஷில் வைப்பது, தூங்கி எழுந்ததும் கேஷிலிருந்து திரும்ப ஊற்றுவது என்று எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டிருந்தன. ஆடியோ பகுதியில் இதற்கென்று உருவான பொதுக் கோடுதான் பிறகு ரெக்மேப்பாக எல்லோருக்கும் கிடைத்தது. ரெஜிஸ்டர் எத்தனை பிட், எது மாறிக்கொண்டே இருக்கும், எதை கேஷில் வைக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும். உங்கள் ட்ரைவர் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பதில் அது தலையிடாது.

செலவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ட்ரைவரிலும் ஒரே மாதிரி நிரப்பும் வரிகள் திரும்பத் திரும்ப வரும். புதிதாக வருபவருக்கு எந்த உதவி ஃபங்ஷன் எதோடு சேரும் என்பது சட்டென்று பிடிபடாது. பொதுக் கோடில் புதிதாக ஒரு கட்டாயப் படி சேர்ந்தால், மிட்லேயரில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். லைப்ரரியில் எல்லா ட்ரைவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும், யாராவது ஒருவர் விட்டுவிடுவார்.

ஹால்

இதுவரை பார்த்தது ஒரே கர்னலுக்குள் பகிர்வது. இயங்குதளங்களுக்கு இடையில் பகிர, ஹார்ட்வேரைத் தொடும் கோடை எதையும் சாராமல் எழுதி, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் மெல்லிய ஒட்டு வைப்பார்கள். சிப் நிறுவனங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை சோதித்த கோட் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுமே!

ஏஎம்டி 2016 பிப்ரவரியில் தன் டிஸ்ப்ளே கோடை இப்படி லினக்ஸுக்கு நீட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் டிஆர்எம் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி, ஹாலாக மூடிக்கட்டிய ஒரு லட்சம் வரிகளை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஏஎம்டி மட்டுமே படித்துப் புரிந்துகொள்ளும் கோடாக அது இருந்துவிட்டால், டிஆர்எம் பொது இடைமுகத்தை மாற்ற நினைக்கிற ஒவ்வொரு முறையும் வெளியாட்கள் அதன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் கவலை. ஏஎம்டி அதை அட்டாமிக் மோட்செட்டிங் என்ற, திரையை அமைக்கும் டிஆர்எம் பொது முறைக்கு ஏற்ப மறுபடி பிசைந்து எழுதிய பிறகு, 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15-இல் சேர்ந்தது. ஏர்லி செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, புது கார்டு வாங்கிவிட்டு எச்டிஎம்ஐ ஆடியோவுக்குக் காத்திருந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதே கர்னலில் ஏசிபிஐசிஏ சத்தமில்லாமல் ஓடுகிறது. ஏசிபிஐ என்பது வன்பொருளையும் பவரையும் ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்கு விவரிக்கும் தரம்; அதற்காக இன்டெல் பராமரிக்கும், எந்த இயங்குதளத்தையும் சாராத கோட் இது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஹைக்கு ஆகிய இயங்குதளங்கள் எல்லாம் அதையே எடுத்துக்கொள்கின்றன. ஏசிபிஐசிஏவின் மையம் ஒரு இன்டர்ப்ரெட்டர், உள்ளே பைட்கோட் ஓடுகிறது; வெளியுலகத்தோடு அதற்கு இருக்கும் எல்லை குறுகலானது, மாறாதது. டிஸ்ப்ளே ட்ரைவருக்கோ மெமரி, லாக், பவர், பயனர் இடைமுகம் என்று நாலா பக்கமும் கர்னலோடு தொடர்பு. எல்லை இவ்வளவு அகலமாக இருந்தால் ஒட்டு மெல்லியதாக இருக்காது.

ஃப்ரீபிஎஸ்டி இதைத் தலைகீழாகச் செய்கிறது. லினக்ஸ்கேபிஐ என்ற அடுக்கு, லினக்ஸ் கர்னலின் இடைமுகங்களை அங்கே பாவனை செய்கிறது. அதன்மேல் லினக்ஸின் கிராஃபிக்ஸ் ட்ரைவர்களும் இன்டெல் வைஃபை ட்ரைவரும் ஓடுகின்றன. ட்ரைவரை மீண்டும் எழுதும் வேலை மிச்சம். ஆனால் லினக்ஸ் தன் உள் இடைமுகத்தை மாற்றினால் அந்த அடுக்கையும் பின்னாலேயே மாற்ற வேண்டும், லினக்ஸ் நிறுத்தாமல் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஆள்பலம் குறைந்த ஒரு கர்னலுக்கு, ஒரு லட்சம் வரிகளைத் தானே எழுதுவதோடு ஒப்பிட்டால் இந்த ஓட்டம் மலிவுதான்.